பாடாதவர் நோட்டு

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே வெயில். தோசை மாவு புளித்துப் பொங்கி பிரிட்ஜ் முழுக்க வழிந்திருந்தது. துடைத்து முடிக்க இருபது நிமிஷம். ஸ்கூலுக்கு லேட். கேட்டைத் தாண்டும்போது ப்ரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, சார் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

முதல் பீரியட் முடிந்ததும் ஹெச்எம் சுப்பராயுடு சார் எல்லா டீச்சர்களையும் ரூமுக்குக் கூப்பிட்டார். போன வெள்ளிக்கிழமை திருப்பதியில் மீட்டிங். அங்கே ஒரு அதிகாரி சொன்னாராம், சத்தியவேடு பக்கத்து ஸ்கூல்களில் தேசிய கீதத்தை ஸ்பீக்கர்தான் பாடுகிறது, பிள்ளைகள் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று. அடுத்த திங்கள் நேரில் வந்து பார்ப்பாராம்.

சார் போட்ட உத்தரவு:
1. நாளை முதல் ஸ்பீக்கரில் பாட்டு கிடையாது.
2. எல்லாப் பிள்ளைகளும் வாய் திறந்து பாட வேண்டும். நின்றால் மட்டும் போதாது.
3. பாடாதவர் பெயர் எழுத ஒரு நோட்டு. பெயர் விழுந்தால் வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும்.
4. நோட்டுக்குப் பொறுப்பு கலாவதி மேடம். அதாவது நான்.

ஏன் நான் என்று கேட்டேன். "மேடம், நான் தினம் மேடையிலேர்ந்து சூஸ்தானு, பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். டீச்சர்ஸ்ல உங்க வாய் ஒண்ணுதான் ஒவ்வொரு எழுத்துக்கும் கரெக்டா அசையுது. மீரே செய்யாலி" என்றார், வழக்கம்போல் பாதித் தெலுங்கில். நானேதான் செய்ய வேண்டுமாம்.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். எனக்குப் பாட வராது. அஞ்சாவது படிக்கும்போது ஊத்துக்கோட்டையில் பாட்டு டீச்சர் என்னைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, "நீ வாயை மட்டும் அசைம்மா, உன் சத்தத்துல மத்தவங்க சுதி போவுது" என்றார். அன்றிலிருந்து அசைக்கிறேன். முப்பத்தெட்டு வருஷம். காலேஜ், பி.எட்., சுதந்திர தினம், குடியரசு தினம், சினிமா தியேட்டர். ஒரு நாளும் சத்தம் வந்ததில்லை. உதட்டில் ஒரு பிழை இருக்காது. அப்படிப் பயிற்சி.

ஜூலை 15, செவ்வாய்

முதல் நாள். ஸ்பீக்கர் இல்லாததால் யார் ஆரம்பிப்பது என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் சார் ஆரம்பித்தார். அவர் பிடித்த சுதியில் யாராலும் சேர முடியவில்லை. நோட்டும் பேனாவுமாக வரிசைகளுக்கு நடுவே நடந்தேன். கண்டவை:

6-ஏ: ஒருவன் வாயில் புளிப்பு மிட்டாய். பாட்டு மிட்டாயைச் சுற்றிக்கொண்டு வெளியே வருகிறது.

7-பி: மலைகளின் பெயர் வரும் இடத்தில் ஒருவன் தன் மாமா பெயரைப் பாடுகிறான். முழு நம்பிக்கையோடு. ஒண்ணாவதிலிருந்தே அப்படித்தானாம்.

9-ஏ பெண்கள்: எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு மற்றவர்களுக்காகக் காத்திருந்தார்கள்.

10: பையன்கள் அத்தனை பேரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒரே குரல்.

ஹெச்எம் சார்: கண்ணை மூடிப் பாடுகிறார். கடைசி வரியில் கண்ணோரம் தண்ணீர்.

ஒரு பெயரும் எழுதவில்லை. எப்படியோ பாடுகிறார்கள் அல்லவா.

அப்புறம் 8-பி. யாமினி. ஸ்கூலிலேயே நல்ல குரல் அவளுடையதுதான். ஜனவரியில் கொடியேற்றிய அன்று மைக் இல்லாமல் அவள் பாடி, ரோட்டில் சென்னை பஸ் நின்றுவிட்டது. (அது ஸ்டாப்பிங்தான். ஆனாலும்.) இன்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நிற்கிறாள். பார்வை கொடிக்கம்பத்தில். வாய் மட்டும் மூடியிருக்கிறது.

பிறகு ஓரமாக நிறுத்திக் கேட்டேன்.

"தொண்டை வலியா?"

"இல்ல டீச்சர்."

"மறந்து போச்சா?"

"இல்ல டீச்சர்."

"பின்ன?"

"நேத்து வரிக்கும் நானாத்தான் பாடிக்கினு இருந்தேன். இன்னிக்கு நீங்க நோட்டு எடுத்துக்கினு வந்துட்டீங்க. இப்ப பாடினா அது நோட்டுக்குப் பாடற மாதிரி. எனுக்கு வாய் வரல டீச்சர்."

பதிமூன்று வயசு. "போய் பதினேழாம் வாய்ப்பாடு எழுது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவளுக்குப் பதினேழாம் வாய்ப்பாடு நன்றாகவே தெரியும்.

ஜூலை 16, புதன்

தூறல். துணி எதுவும் காயவில்லை.

இன்று சார் என் பின்னாலேயே நடந்து வந்தார். 8-பி வரிசையை வேகமாகத் தாண்டப் பார்த்தேன். சார் நின்றுவிட்டார். யாமினிக்கு முன்னால் குனிந்து அவள் வாயருகே காதை வைத்தார், டாக்டர் நெஞ்சைச் சோதிப்பதுபோல. ஒன்றும் கேட்கவில்லை போல. பாட்டு முடியும் வரை நிமிரவும் இல்லை.

"எழுதுங்க மேடம்."

எழுதினேன். யாமினி, 8-பி. அழகாக வேறு எழுதித் தொலைத்தேன்.

மத்தியானம் மனசு கேட்கவில்லை. சார் ரூமுக்குப் போய், "நல்ல பொண்ணு சார், மரியாதையாத்தான் நிக்கறா, இந்த ஒரு தடவை விட்டுடலாம்" என்றேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். உட்காரச் சொன்னார்.

"மேடம், எங்களுக்கு நிலம் லேது. எங்க நாயினா யார் வயல்ல கூலிக்குப் போனாரோ அவர் பையனும் நானும் ஒரே கிளாஸ். அவன் பெஞ்சு, நான் தரை. கடையில, பஸ்ல, எங்கேயும் அவன் முன்னால, நான் பின்னால. காலையில அந்த ஐம்பத்திரண்டு செகண்டு மட்டும் ஒரே வரிசை, ஒரே பாட்டு. கட்டாயம்னு இருந்ததாலதான் அவன் என் பக்கத்துல நின்னு பாடினான். இஷ்டம்னு விட்டிருந்தா நின்னிருப்பானா? மீரே செப்பண்டி, நீங்களே சொல்லுங்க."

அவள் சொன்னதும் சரியாகப் படுகிறது, இவர் சொல்வதும் சரியாகப் படுகிறது. கணக்கில் இப்படி வந்தால் எங்கோ தப்புப் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. காற்று. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரின் அட்டை தனியாகப் பறந்து போய் வேப்ப மரத்தடியில் கிடந்தது.

யாமினியின் நைனா வந்தார். முருகேசன். கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். காலை ஷிப்ட் ஆளை இறக்கிவிட்டு நேரே வந்தவர், சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் யாமினி. சார் விஷயத்தைச் சொன்னதும் மனுஷனுக்கு நம்ப முடியவில்லை.

"இன்னா சார் சொல்றீங்க? இவளா பாடலன்றா? ஊட்ல குளிக்கசொல்லோ கூட அதத்தான் பாடிக்கினு கீறா. நான் துன்னுக்கினு இருந்தா தட்ட வச்சிட்டு எழுந்து நிக்கறேன். தெனிக்கும் ஆறிப்போன இட்லிதான் எனுக்கு."

"ஆனா இங்க பாடல."

"அவளுக்குப் பதிலு நான் பாடிட்டுப் போயிடவா சார்? வண்டி வெயிட்டிங்ல கீது."

சார் வேண்டாம் என்று கை தூக்குவதற்குள் முருகேசன் ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான், எல்லோரும் எழுந்தோம். சார் கையில் டீ கிளாஸ், பாதி தூக்கியபடி. அட்டெண்டர் குமாரி அக்கா வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. மேஜையில் சாரின் போன் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை.

இரண்டு வரி நன்றாகப் போனது. மூன்றாவதில் மனுஷன் நின்றுவிட்டார். அஞ்சாவதோடு படிப்பை விட்டவர். "இருங்க சார், வந்துடும்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி அதே இடம். மறுபடி முதலிலிருந்து. உட்காரவும் முடியவில்லை, நிறுத்துங்கள் என்று சொல்லவும் முடியவில்லை. பாடுகிறவரை நிறுத்துவதுதான் குற்றம் என்று எங்கோ படித்த ஞாபகம். சாரின் டீ நடுங்குகிறது. குமாரி அக்கா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

நாலாவது தடவை அதே இடத்தில் நைனா மகளைப் பார்த்தார். அவள் உதடு பிரியாமல் அடுத்த வார்த்தையை முணுமுணுத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை ஓட்டிவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

"இப்ப பாடினியே?" என்றார் சார், யாமினியிடம்.

"பாடல சார். எங்க நைனா மாட்டிக்கினாரு, எடுத்துக் குடுத்தேன்."

முருகேசன் வெளியே வந்ததும் என்னிடம் தனியாகக் கேட்டார்: "டீச்சரம்மா, சட்டத்துல இன்னா கீது? பாடலன்னா டீசி குடுத்துடுவாங்களா? இவ படிக்கணும்மா. எங்க ஊட்ல எட்டாவது தாண்டப்போறது இவதான் மொத ஆளு."

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. பெயரை எழுதியது மட்டும் நான்.

ஜூலை 18, வெள்ளி

முதல் ஆடி வெள்ளி. கூழ் காய்ச்சி, கொஞ்சம் டிபன் பாக்ஸில் எடுத்துப் போனேன். ஸ்டாப் ரூமில் ஐந்து நிமிஷத்தில் காலி. கூழ் குடித்த கையோடு மீட்டிங்.

சோஷியல் எடுக்கும் பிரசாத் சார் போனைப் பார்த்துப் படித்தார். பாட்டை நடக்கவிடாமல் தடுப்பதும் பாடுகிறவர்களுக்கு இடைஞ்சல் செய்வதும்தான் குற்றமாம். மரியாதையாக நின்றுவிட்டுப் பாடாமல் இருப்பது குற்றம் இல்லையாம். ரொம்ப வருஷம் முன்னால் கேரளாவில் சில பிள்ளைகள் தங்கள் மத நம்பிக்கையால் பாடாமல் நின்றதற்கு ஸ்கூலை விட்டு அனுப்பி, சுப்ரீம் கோர்ட் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னதாம்.

"இந்தப் பொண்ணுக்கு அப்படி மதக் காரணம் ஏதாவது உந்தா?" என்றார் ஹெச்எம்.

"இல்ல சார். அவளுக்கு நோட்டுதான் காரணம்" என்றேன்.

பிரசாத் சார் விடவில்லை. "இன்னொண்ணு சார். பாட்டு நடக்கும்போது எல்லாரும் அசையாம நிக்கணும். நம்ம ஸ்கூல்ல அந்த நேரத்துல நடமாடறது ஒரே ஒரு ஆள். கலா மேடம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டிபன் பாக்ஸை மூடினேன். ஹெச்எம் சார் முகம் மாறிவிட்டது. அவரும் நேற்று முன்தினம் நடந்தவர்தானே, குனிந்தவர் வேறு.

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தீர்ப்பு: "கரெக்ட். இனிமே மேடம் நடக்க வேணாம். மைக் கிட்ட நின்னே பார்க்கட்டும். எல்லா மூஞ்சியும் அங்கேர்ந்து தெரியும். மைக்ல நிக்கறவங்க அப்படியே பாடிடலாம், பிள்ளைங்களுக்கும் சுதி கிடைக்கும். திங்கக்கிழமை ஆபீசர் வராரு. மேடம் லீட் பண்றாங்க."

சுதி. என்னிடமிருந்து.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் நிற்க இடமில்லை. அதுகூட உறைக்கவில்லை.

ஜூலை 19, சனி

சாயங்காலம் சமையல் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி. முதல் வரி முடிவதற்குள் இவர் ஓடி வந்தார்.

"இன்னா ஆச்சு? கையி சுட்டுக்கினியா?"

"பாடறேன்."

இருபத்து நாலு வருஷக் குடித்தனம். என் பாட்டை இவர் கேட்பது இதுதான் முதல் தடவை. தாலாட்டுகூட இவர்தான் பாடினார், பிள்ளைக்கு. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "திங்கக்கிழமை லீவு போட்டுடேன்" என்றார், ரொம்ப அன்பாக.

லீவு போட முடியாது. வேறு என்ன செய்யலாம்?
- ஜலதோஷம் (ஆபீசர் முன்னால் நடிக்க வராது)
- மைக் ஒயர் கழன்றுபோவது (குமாரி அக்கா உடனே சொருகிவிடுவாள்)
- ஹெச்எம்மிடம் உண்மையைச் சொல்வது

மூன்றாவதை இரண்டு தடவை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

ஜூலை 20, ஞாயிறு

காய் வாங்கப் போன இடத்தில் யாமினி. தேங்காய்க் கடையில் ஒரு தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் வணக்கம் சொன்னாள். அந்தச் சாதாரண வணக்கம்தான் என்னவோ செய்தது. கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பியதும் சொல்லிவிட்டேன்.

"யாமினி, நானும் பாடறது இல்ல. சின்ன வயசுலேர்ந்து. வாயை மட்டும்தான் அசைக்கறேன்."

முதலில் சிரித்தாள், தேங்காயைக் கீழே வைத்துவிட்டு. பிறகு சிரிப்பு நின்றது.

"நீங்களே பாடாம எம்பேர எழுதினீங்களா டீச்சர்?"

ஆமாம் என்றேன்.

"எங்க நைனா அன்னிக்கு நாலு தபா பாடினாரே."

ஆமாம்.

தேங்காயை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு அவளே கேட்டாள்: "நாளைக்கு நீங்கதான் மைக்ல பாடறீங்கன்னு குமாரி அக்கா சொன்னாங்க. இன்னா பண்ணுவீங்க?"

"அசைக்கலாம்னு..."

"மைக்ல அசைச்சா காத்துதான் டீச்சர் கேக்கும். புஸ்ஸு புஸ்ஸுன்னு." தேங்காயைப் பையில் போட்டாள். "பாடிடுங்க. நல்லா இல்லன்னா இன்னா, கொஞ்ச நேரந்தானே."

"நீ பாடுவியா?"

"நோட்டு இருக்குதா?"

இருக்கிறது என்றேன். அப்படியென்றால் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனாள். கோபமாகப் போகவில்லை. அதுவே போதும்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். அவள் பெயருக்குக் கீழே எழுதினேன்: கலாவதி, கணக்கு. தேதி போட இடம் போதவில்லை. முப்பத்தெட்டு வருஷத்துக்கு எந்தத் தேதி போடுவது?

ஜூலை 21, திங்கள்

மேகம். மழை இல்லை. மெரூன் கலர் புடவை. இரண்டு கிராம்பு வாயில்.

அதிகாரி சரியாக நேரத்துக்கு வந்துவிட்டார். உயரமானவர், வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை. கொடிக்கம்பத்துக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் மைக்கும் நானும். நேருக்கு நேர்.

பாடினேன்.

எப்படி இருந்தது என்று எழுத வேண்டாம். 6-ஏ வரிசை முழுக்க ஒரு தடவை அதிர்ந்தது. மரத்திலிருந்த காக்காய்கள் கிளம்பிப் போயின. பிரசாத் சார் தரையைப் பார்த்தார். ஆனால் பிள்ளைகள் என் சுதிக்குப் பயந்து, இரண்டாவது வரியிலேயே தங்கள் சுதியைத் தாங்களே பிடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் பாடியது எனக்கே கேட்கவில்லை. யாமினி நேராக நின்றாள், வாயை மூடி. கன்னம் மட்டும் துடித்தது. சிரிப்பை அடக்குகிறாள்.

அப்போதுதான் எதிரே பார்த்தேன். அதிகாரியின் உதடு அழகாக அசைகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும். ஆனால் தொண்டை அசையவில்லை. மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் மூச்சு எடுக்கவில்லை. இழுத்துப் பாடும் இடத்தில் வாயை ஒரு இமைப்பு முன்னாலேயே மூடிவிட்டார். வேறு யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். என் தொழில் அது.

என் கண் அங்கேயே நிற்பதை அவரும் பார்த்துவிட்டார். கடைசி வரியில் உதடு ஒரு எழுத்துத் தவறியது.

பிறகு ஹெச்எம் ரூமில் டீ, வடை. சார் முகமெல்லாம் பெருமை. "எங்ககிட்ட ரிஜிஸ்டரே இருக்கு சார். பாடாதவங்க பேர் எழுதறோம். மேடம், நோட்டு கொடுங்க." திறந்தார். படித்தார். "யாமினி, 8-பி. கலாவதி, க..." நிறுத்தி என்னைப் பார்த்தார். "இதி ஏன்ட்டி மேடம், என்ன இது?"

"நானும் இதுவரைக்கும் பாடினதில்ல சார். வாயை அசைச்சுக்கிட்டு இருந்தேன். இன்னிக்குத்தான் முதல் தடவை."

"அதி தெலுசு" என்றார் பிரசாத் சார் மெதுவாக. இன்றுதான் முதல் தடவை என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஹெச்எம் நோட்டை மறுபடி ஒரு தடவை படித்தார். என்னை நம்பி நோட்டைக் கொடுத்த மனுஷன். அந்த முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டார்: "சரி, இன்னிக்கு யாராவது பாடாம இருந்தாங்களா?"

"யாமினி நின்னா சார். இன்னொருத்தர் வாய் மட்டும் அசைச்சார். பேர் தெரியல, அதனால எழுதல."

அதிகாரியின் கையில் வடை பாதி வழியில் நின்றது. சத்தியமாக நான் மிரட்டவில்லை. கேட்டார்கள், சொன்னேன்.

அவர் வடையைத் தட்டில் வைத்தார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். "சுப்பராயுடு காரு, நோட்டு எந்துக்கு? நிலபடிதே சாலு. மரியாதையா நின்னா போதும். சில பேருக்குப் பாட வராது. சின்ன வயசுல யாராவது ஏதாவது சொல்லியிருப்பாங்க." கடைசி வாக்கியத்தை ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். பிறகு நோட்டை அவரே மூடி, என் பக்கம் தள்ளினார்.

போகும்போது படியில் என்னிடம் மட்டும் கேட்டார்: "மேடம், மைக்ல பாடறதுக்கு பயமா இல்லையா?"

"முதல் வரி வரைக்கும்தான் சார்."

தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஹெச்எம் சார் சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. மணி அடித்த பிறகு வந்தார். "முப்பத்தெட்டு வருஷமா மேடம்?" என்றார். ஆமாம் என்றேன். "மைக்ல கஷ்டமா இருந்திருக்குமே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 22, செவ்வாய்

ராத்திரி நல்ல மழை போல, கிரவுண்டில் தண்ணீர். வராண்டாவிலேயே ப்ரேயர்.

நோட்டு இல்லை. மைக் இல்லை. சார் ஆரம்பித்தார். பாதிப் பேர் பாடவில்லை. பேசாமல் நிற்கலாம் என்று தெரிந்ததும் 10-ம் வகுப்புக் கிணறு மூடிவிட்டது. புளிப்பு மிட்டாய்க்காரன் நிம்மதியாகச் சப்பினான். சார் கண்ணைத் திறந்து பார்த்தார். அவருக்கு வலித்திருக்கும். அவருடைய ஒரே வரிசை இன்று அங்கங்கே ஓட்டையாகத்தான் இருந்தது. அவர் சொன்னது தப்பில்லை என்று இன்றும் தோன்றுகிறது. என்ன செய்ய.

அப்புறம் 8-பியிலிருந்து அந்தக் குரல். வராண்டா கூரையில் பட்டு எல்லாப் பக்கமும் திரும்பி வந்தது. யாரும் சொல்லவில்லை, யாரும் பார்க்கவில்லை, அவள் பாட்டுக்குக் கொடியைப் பார்த்துப் பாடுகிறாள். சார் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். 9-ஏ சேர்ந்துகொண்டது, இந்தத் தடவை அவசரப்படாமல். 7-பியில் அந்த மாமாவும் தவறாமல் வந்தார்.

நான் கடைசித் தூணுக்குப் பின்னால். என்னை யாரும் கவனிக்கவில்லை. பழைய மாதிரி அசைத்துவிட்டுப் போயிருக்கலாம். முன்னால் நின்ற மூன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். திரும்பாதே, நேரா நில்லு என்று அதட்டியிருக்க வேண்டும். முடியவில்லை. வாய் வேலையாக இருந்தது.